நாளுக்கு 3.20 யூரோ: வீட்டிலிருந்து வேலைக்கு அயர்லாந்தின் வரிச் சலுகை

ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அலுவலகத்தின் மின்கட்டணம் குறையும். அவர்கள் வீட்டு மின்கட்டணம் ஏறும். குளிர் நாடுகளில் பகல் முழுக்க வீட்டைச் சூடாக வைத்திருக்கும் செலவும் சேரும். இந்தச் செலவை யார் ஏற்பது? இதற்கு வரிச் சட்டத்தின் வழியாகத் தீர்வு தேடிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று.

அரசு ஏன் அக்கறை காட்டுகிறது?

கொரோனா காலத்தில் அலுவலகங்கள் மூடப்பட்டபோதும் வேலைகள் நடந்தன. அந்த அனுபவத்தை வைத்து, 2021 ஜனவரியில் அன்றைய துணைப் பிரதமர் லியோ வராத்கர் தொலைதூர வேலைக்கான தேசியத் திட்டத்தை வெளியிட்டார். டப்ளினின் போக்குவரத்து நெரிசலும் வாடகையும் குறைய வேண்டும், இளைஞர்கள் வெளியேறிவிட்ட சிற்றூர்களில் மீண்டும் ஆள் நடமாட்டம் வர வேண்டும் என்பது நோக்கம். அரசுத் துறை வேலைகளில் 20 சதவீதத்தைத் தொலைதூர வேலையாக்கவும் அதில் இலக்கு வைக்கப்பட்டது.

நிறுவனத்துக்கு என்ன சலுகை?

ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒவ்வொரு நாளுக்கும் 3.20 யூரோ வரை நிறுவனம் வரியில்லாமல் கொடுக்கலாம். அந்தத் தொகைக்கு ஊழியர் வருமான வரியோ சமூகக் காப்பீட்டுச் சந்தாவோ கட்ட வேண்டாம். நிறுவனத்துக்கும் லாபம் உண்டு. அதே பணத்தைச் சம்பளமாகக் கொடுத்தால் அதன் மேல் சமூகக் காப்பீட்டுக்கெனத் தன் பங்கையும் அது கட்ட வேண்டியிருக்கும். இங்கே அந்தச் செலவு இல்லை.

வேலைக்காக நிறுவனம் வாங்கிக் கொடுக்கும் கணினி, பிரிண்டர், மேசை, நாற்காலி ஆகியவற்றுக்கும் ஊழியர் வரி கட்ட வேண்டாம். சொந்த உபயோகம் பெயரளவில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

2024 ஜனவரி முதல் இந்தத் தினப்படியைக் கொடுக்கும்போதே நாட்களின் எண்ணிக்கை, தொகை, தேதி மூன்றையும் வருவாய்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிறுவனம் கொடுக்காவிட்டால்?

கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கிடைக்காத ஊழியர் தானே வரிக் கழிவு கோரலாம். மின்சாரம், வெப்பமூட்டல், இன்டர்நெட் செலவில் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களுக்குரிய பங்கில் 30 சதவீதம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். முன்பு மின்சாரத்துக்கும் வெப்பமூட்டலுக்கும் 10 சதவீதம்தான்; 2022 முதல் இது உயர்ந்தது. நிறுவனத்தோடு முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும். மாலையில் மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுபோவது இதில் சேராது. ஊழியர் சொந்தக் காசில் வாங்கிய மேசைக்கும் மடிக்கணினிக்கும் இந்தக் கழிவு கிடையாது.

ஒரு கணக்கு

ஒரு வீட்டின் ஆண்டுச் செலவு மின்சாரம் 1,500, வெப்பமூட்டல் 1,000, இன்டர்நெட் 500 என மொத்தம் 3,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் 146 நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். 365 நாட்களில் அந்த நாட்களுக்குரிய பங்கு 1,200 யூரோ. அதில் 30 சதவீதம் 360 யூரோ. இது வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும் தொகை. 20 சதவீத வரி கட்டுபவருக்குக் கையில் மிஞ்சுவது 72 யூரோ. 40 சதவீதம் கட்டுபவருக்கு 144 யூரோ.

அதே 146 நாட்களுக்கு நிறுவனம் தினப்படி கொடுத்தால் 467 யூரோ 20 சென்ட் முழுதாகக் கைக்கு வரும்.

குறை எங்கே?

இரண்டு ஊழியர்கள் ஒரே வேலையை ஒரே மாதிரி வீட்டிலிருந்து பார்த்தாலும், ஒருவருக்கு 467 யூரோ, இன்னொருவருக்கு 72 யூரோ. வித்தியாசம் நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது. குறைந்த சம்பளக்காரருக்குக் கழிவின் பலனும் குறைவு என்பது அதைவிட வருத்தமானது. வீட்டைச் சூடாக்கும் செலவு சம்பளம் பார்த்து வருவதில்லை.

வேலை முறையிலும் இதே நிலைதான். 2023 ஆம் ஆண்டுச் சட்டம் தொலைதூர வேலை கேட்கும் உரிமையை ஊழியருக்குத் தந்தது. 2024 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் அந்த வேண்டுகோளைப் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

நமக்கு என்ன பாடம்?

இந்தியாவில் வருமான வரி விதிகள் நெடுங்காலமாகவே, நிறுவனம் உபயோகத்துக்குக் கொடுக்கும் மடிக்கணினிக்கு வரி போடுவதில்லை. மேசை நாற்காலி கொடுத்தாலோ அதன் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஊழியரின் வருமானத்தில் சேர்த்து வந்திருக்கின்றன. வீட்டிலிருந்து மடிக்கணினியில் வேலை பார்ப்பவர் உட்கார இடம் வேண்டாமா?

நாள் கணக்கில் வரியில்லாப் படி என்ற அயர்லாந்தின் வழி எளிமையானது. பில்களைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை, கணக்கை மறைப்பதும் கடினம். இங்கே அப்படி ஒரு சலுகை கொண்டுவந்தால் அயர்லாந்தின் குறையை முதலிலேயே தவிர்க்க வேண்டும்: சலுகையை அனுபவிக்கும் நிறுவனம் தகுதியுள்ள ஊழியர் எல்லோருக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அயர்லாந்தில் வேலை பார்த்தால் ஒன்று சொல்லுங்கள்: கோராமல் விட்ட கழிவை முந்தைய நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து இப்போதும் கோரலாம். மின்சார, வெப்பமூட்டல், இன்டர்நெட் பில்களையும், வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களின் கணக்கையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.