பங்காளிகள் கையில் செட்டிநாட்டு வீடு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். அந்த நிலைக்கதவுகள் பலவும் எங்கோ பிரித்து விற்கப்பட்ட வீட்டின் வாசலில் நின்றவை. வீடுகள் ஏன் இப்படிப் போகின்றன என்று கேட்டால், பராமரிக்கப் பணமில்லை என்பதே வழக்கமான பதில். அது பாதி உண்மைதான். 1942-இல் ஜப்பானியர் நுழைந்ததோடு, இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தின் பர்மாக் கொடுக்கல் வாங்கல் முறிந்தது. வீடு கட்டிய பணத்தின் ஊற்றுக்கண் தூர்ந்தது. மறுபாதிக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முகப்பைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. நகரத்தார் கணக்கில் ஒரு தம்பதி ஒரு புள்ளி. அடுப்பு தனி, கூரை ஒன்று. மூன்று தலைமுறை போனால் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகப் பங்காளிகள் பெருகிவிடுகிறார்கள். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் அந்த மூலை ஒழுகும். ஆனால் முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அத்தனை பேரையும் ஊருக்கு இழுத்து வருவதும் அதே பங்குதான். ஆகவே பங்கை ஒழித்து வீட்டைக் காக்க முயல்வது தவறு. பங்காளிகள் சேர்ந்தே வைத்திருக்க வழி செய்வதுதான் பாதுகாப்பு.

விடுதியாக மாற்றினால் போதாதா என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. கானாடுகாத்தானில் சில வீடுகள் அப்படித்தான் பிழைத்தன. தச்சருக்கு வேலை வந்தது. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்தெடுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் கிராக்கி கூடியது. ஆனால் செட்டிநாடு எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள். பயணிகள் வந்து தங்குவது அவற்றில் சிலவற்றில்தான். மற்ற ஊர்களின் வீடுகளை விடுதி வருமானம் தாங்காது. வேறு வழிக்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே மாளிகை மூத்த மகன் ஒருவனுக்கே போனது, மரண வரி அவனை முடக்கியது. 1937-இல் வந்த சட்டம், மாளிகையை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்த குடும்பம் அங்கேயே தொடர்ந்து குடியிருக்க இடம் கொடுத்தது. கொடுப்பதற்கு ஒற்றை ஆள் இல்லாத இங்கே அதை அப்படியே நகலெடுக்க முடியாது. உடைமை கைமாறினாலும் வாழும் உரிமை போகவேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பங்காளிகள் வீட்டை ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்யட்டும். பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, முகப்பையும் முற்றத்தையும் மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு அரசு பழுதுபார்க்கப் பணம் தரட்டும். படைப்பு நாளில் வீடு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

செல்வர் வீட்டுக்கு மக்கள் பணமா என்ற கேள்வி எழும், எழவும் வேண்டும். ஆனால் அந்த வீடு தனியாக நிற்பதல்ல. கூரை உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்தில் இறக்குகிறது. அங்கிருந்து வாய்க்கால் வழியாக வெளியேறும் தண்ணீருக்கு ஊருணி இருக்கிறது. நேர்த்தெருக்களும் ஊருணியும் வீடுகளுமாக ஊரே ஒரே திட்டம். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் செட்டிநாடு இடம்பெற்றதும் தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள் என்ற பெயரில்தான். தனி மாளிகை எதன் பெயரும் அந்தத் தலைப்பில் இல்லை. ஒரு வளவைப் பிரித்து விற்றால் காசு பங்காளிகளுக்குப் போகும், தெருவில் விழும் பொத்தல் ஊருக்கு மிஞ்சும்.