பாறைக் குன்றின் பக்ஷி

பாப்பாரப்பட்டிக்கு மேற்றிசையில் எழும் மேலகிரி மலைகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் வாழ்கிறது. அதற்கு வேண்டுவது அடர்ந்த பெருங்காடன்று, பாறையும் புதருமே. நீலகிரிச் சோலைக்கிளியோ, பெயரில் கிளியேயன்றி இனத்தால் கிளியன்று, உயர்மலைச் சோலையின் ஈர நிழலையே நாடுவது. இரண்டையும் 1840-களில் விஞ்ஞான உலகுக்கு அறிவித்தவர் ஜெர்டன் என்னும் ஒரே வைத்தியர்.

சர்வதேசச் செம்பட்டியலில் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. சோலைக்கிளியின் அபாயம் சற்று அதிகம். ஆயினும் சோலையில் கோடரி விழுந்தால் ஜனங்கள் பதறுகின்றனர். பாறைக் குன்றையோ வெறுந் தரிசென்று எண்ணிக் கல்லுடைக்க விட்டுவிடுகிறோம்! 2022-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் அமைந்த காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் வரவேற்கத்தக்கதே. அதன் எல்லைக்கப்பால் தனித்து நிற்கும் குன்றுகளின் கதி என்ன? கல்குவாரிக் குத்தகை அளிக்குமுன், அங்கே சின்னான் வாழ்கிறதா என்று சர்க்கார் பரிசோதித்தல் வேண்டும்.