பாட்டிலுக்குள் ஒரு பச்சைக் காடு!



மழைக்காலத்தில் நம்ம வீட்டு மதில் சுவரும், மாடித் தண்ணித் தொட்டியின் அடிப்பக்கமும் வெல்வெட் துணி மாதிரி பச்சையாகிவிடும், பார்த்திருக்கீங்களா? 'பாசி'ன்னு சொல்லி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சிடுவோம். அதில் குட்டிக் குட்டி இலை தெரிந்தால் அதன் பெயர் மாஸ். அதற்கு உண்மையான வேர் கிடையாது. மேலே விழும் தண்ணீரை இலையாலேயே குடிக்கும். தண்ணீரில் உப்பு, காற்றில் புகை எது இருந்தாலும் அதுவும் சேர்ந்தே உள்ளே போகும்!

செடியைக் கண்ணாடிக்குள் மூடி வளர்ப்பதைப் பிரபலமாக்கியவர் டாக்டர் நத்தானியல் வார்டு. லண்டன் துறைமுகத்துப் பக்கம் வசித்தவர். அவர் தோட்டத்துப் பெரணிச் செடிகள் ஆலைப் புகையில் செத்துப்போயின. 1829-ல் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன! பின்னாளில் நீலகிரிக்கு சிங்கோனா கன்றுகள் கப்பலில் வந்ததும் அவர் உருவாக்கிய மாதிரிக் கண்ணாடிப் பெட்டிகளில்தான்.

செய்முறை:

1. வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் முதலில் கூழாங்கல், அதன்மேல் உடைத்த அடுப்புக்கரி, அதன்மேல் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் போடுங்கள்.
2. உள்ளங்கை அளவு மாஸை அடிமண்ணோடு பெயர்த்து வந்து, மண்ணில் நன்றாக அழுத்தி வையுங்கள்.
3. பிடித்து வைத்த மழைத்தண்ணியைத் தெளித்து மூடுங்கள்.
4. வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது. வெயிலில் மூடிய பாட்டில் அடுப்பு மாதிரி சூடாகும்.

தினமும் தண்ணி ஊற்ற வேண்டாம். ஆவியாகும் தண்ணி கண்ணாடியில் பட்டுத் திரும்ப மண்ணுக்கே வரும். வகுப்பில் படித்த நீர்ச் சுழற்சியேதான்! நாள் முழுக்கத் தண்ணி வழிந்தாலோ, வெள்ளை நூல் போலப் பூஞ்சை வந்தாலோ, கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். கண்ணாடியில் ஈரமே இல்லையென்றால் லேசாகத் தெளியுங்கள். காய்ந்து சுருண்டாலும் உடனே தூக்கிப் போடாதீங்க. சுவரில் வளரும் மாஸ் பலவும் ஈரம் பட்டால் திரும்பப் பச்சையாகும்.

நான் முதல் தடவை வீட்டு போர் தண்ணி ஊற்றினேன். கடலோரத் தெரு, தண்ணி உப்பு. பத்து நாளில் நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. அடுத்து மழைத்தண்ணியில் வைத்தது இப்போதும் பச்சையாக இருக்கு.

ஒரு விஷயம் யோசியுங்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்த வேலை எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்காரர்கள் மூச்சு விட்டார்கள். எண்ணூர் நண்பர்கள்?

மாஸை பாட்டிலில் மூடிக் காப்பாற்றலாம். நம்மை அப்படி மூட முடியாதே! அதனால் காற்றைத்தான் சுத்தமாக வைக்கணும்.

என் பாட்டில் இந்த வாரம் அறிவியல் ஆய்வகத்தில் இருக்கும். வந்து பாருங்கள், நீங்களும் செய்து பாருங்கள்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு