மதுரையில் ஒரு 'இரவல்' பாண்டியன்!

மதுரையில் இறங்கி, 'ராஜா அரண்மனை எங்கேங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் யோசிக்காமல் திருமலை நாயக்கர் மகால் வாசலில் கொண்டுபோய் விடுவார். அது 1636-ல் கட்டியது. அதற்கு அறுநூறு வருஷம் முந்தி இதே மதுரையில் இன்னொரு மாளிகை எழும்பியது. அதன் கனம் தாங்காமல் பூமியே அமுங்கியதாம்... திருவாலங்காட்டுச் செப்பேடு அளக்கிறது!

கட்டியவர் ராஜேந்திர சோழன். குடியேறியது அவர் பிள்ளை. காலம், சுமார் 1020.

பாண்டிய நாட்டை ராஜராஜன் காலத்திலேயே பிடித்து, 'ராஜராஜப் பாண்டி மண்டலம்' என்று பெயரும் மாற்றியாயிற்று. சரி, அங்கே உட்கார்ந்து ஆள்வது யார்? பெற்ற மகனையே அனுப்பினார் ராஜேந்திரன். சோழ ராஜாக்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடுவார்கள். பாண்டியர்களுக்கு மாறவர்மன், சடையவர்மன். மதுரைக்குப் போன பிள்ளைக்குக் கிடைத்தது பாண்டியப் பட்டம்: சடையவர்மன் சுந்தர சோழபாண்டியன். பெண் எடுக்காமலே வீட்டோடு மாப்பிள்ளை ஆன கதை!

இருபது வருஷத்துக்கு மேல் ஆண்டார். அம்பாசமுத்திரம் பக்கம் மன்னார்கோயிலில் இவருடைய ஆட்சியாண்டைப் போட்டே கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்குப் பெயர் மட்டும் 'ராஜேந்திரசோழ விண்ணகர்'. அப்பா பெயர்! கட்டியவர் யார் தெரியுமோ? சேர மன்னன் ராஜசிம்மன். ஆக... சேரன் கட்டி, சோழன் பேரைச் சூட்டி, சோழபாண்டியன் ஆண்டைப் பொறித்த கோயில். குட்டி ராஜாவின் நிலைமை புரிகிறதல்லவா?

அசல் பாண்டியர்கள் சும்மா இருப்பார்களா? மானாபரணன், வீரகேரளன், சுந்தர பாண்டியன் என்று மூன்று பேர் எதிர்த்துக் கிளம்பினார்கள். (ஆமாம், அந்தப் பக்கமும் ஒரு சுந்தரன்!) படையோடு வந்தவர் சோழபாண்டியனின் சகோதரர் ராஜாதிராஜன். மானாபரணன் தலை போயிற்று. வீரகேரளனை யானையை விட்டு மிதிக்க வைத்தார்கள். சுந்தர பாண்டியன் தலைவிரிகோலமாக முல்லையூருக்கு ஓடினார். இவ்வளவும் ராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்லிக்கொள்வது. தோற்றவர்கள் தரப்பைக் கேட்க வழியில்லை.

அப்புறம் வீரராஜேந்திரனும் தன் மகனைச் சோழபாண்டியனாக்கிப் பார்த்தார். 1070-ல் வந்த முதல் குலோத்துங்கனோ இளவரசர் யாரையும் அனுப்பவில்லை. ஐந்து பாண்டியர்களை அடக்கிவிட்டு, வழிநெடுகப் படையை நிறுத்தியதோடு சரி.

1216-ல் மதுரையில் பட்டமேறிய ராஜா தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்திவிட்டு, ஆயிரத்தளியில் சோழர்கள் முடிசூடும் மண்டபத்திலேயே வீராபிஷேகம் செய்துகொண்டார். அவர் பெயரும் சுந்தர பாண்டியன்தான். இவர் அசல்!