காத்திருக்கும் காதல்: சீன வரலாற்று நாடகங்களும் அகத்திணை மரபும்

சீன நாட்டில் அண்மைக் காலத்தே ஆக்கப்பெற்ற வரலாற்றுக்காலத் தொலைக்காட்சி நாடகங்கள் கடல் கடந்து பல நாட்டாரையும் கவர்ந்துள்ளன. ஐம்பது, அறுபது, எழுபது பகுதிகளாக நீளும் இவற்றிற் சில, தலைவனும் தலைவியும் ஒருவர் கையை ஒருவர் பற்றுவதற்கே பாதிக் கதையைச் செலவிடுவன. அரை நிமிடக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்துப் பழகிய இளைஞரே, இத்துணைப் பொறுமையை வேண்டும் நாடகங்களைத் துயில் நீத்துப் பார்க்கின்றனர். இதனை வெறும் மயக்கமெனக் கூறித் தள்ளுவாரும் உளர். அங்ஙனம் தள்ளுதல் தமிழ் கற்றார்க்குப் பொருந்தாது. இந்நாடகங்கள் கையாளும் நெறி நம் அகத்திணைப் புலவர்க்குப் புதியதன்று.

2015 ஆம் ஆண்டில் வெளிவந்த 'லாங்யா பாங்' என்னும் நாடகத்தை முதற்கண் நோக்குவோம். அது 54 பகுதிகளையுடையது. வஞ்சகத்தாற் படையும் குலமும் அழிய, உயிர் தப்பிய இளந்தளபதி லின் ஷூ, முகமும் உடலும் மாறியவனாய், மெய் சாங்சூ என்னும் வேற்றுப்பெயர் பூண்டு, பன்னிரண்டு ஆண்டுகளின்பின் தலைநகர்க்கு மீளுகின்றான். அவனுக்கு முன்னர் மணம் பேசப்பட்டிருந்த நீஹுவாங், இப்பொழுது தென்னெல்லைப் படைக்குத் தலைவியாய் விளங்குகின்றாள். வந்தவன் யாவன் என்பதைக் காண்போர் அறிவர், அவள் அறியாள். அவன் சொல்லக் கருதுவதையெல்லாம் அடக்கிக்கொண்டு அயலான்போல் உரையாடுகின்றான். அவளோ ஐயுற்று, ஆராய்ந்து, தெளிகின்றாள். நம்மவர் வகுத்த காட்சி, ஐயம், தெளிதல் என்னும் முறை இங்கே புதுவகையாக நடைபெறுதலைக் காணலாம். நம் மரபில் ஐயம், இவள் தெய்வமகளோ மானிடமகளோ என்பது; அங்கே, இவன் அயலானோ நம்மவனோ என்பது. தெளிந்தபின்னும் மணம் நிகழ்வதில்லை. அவன் போர்க்களம் செல்லக் கதை முடிகின்றது. ஆயினும் இக்காதல் நிறைவுறவில்லையே எனக் குறைகூறுவார் சிலரே.

இவ்வடக்கத்திற்குச் சுவை யாங்ஙனம் வந்தது? விலக்கு உள்ள இடத்திலேதான் சிறு செயலும் பெருநிகழ்ச்சியாகும். ஆடவரும் பெண்டிரும் ஒரு பொருளைக் கொடுக்குங்காலும் வாங்குங்காலும் கைதொடலாகாது என்பது பண்டைச் சீனர் ஒழுக்கவிதி. அண்ணன் மனைவி நீரில் மூழ்கினால் கைகொடுத்துத் தூக்கலாமா என்றொருவர் வினவ, தூக்காதவன் ஓநாய் போல்வான் என மென்சியசு என்னும் ஞானி விடையிறுத்தார். விதி ஒன்று, அவ்விதியை நெகிழ்த்தும் இடர் ஒன்று. இவ்விரண்டுமே இன்றைய நாடக ஆசிரியர்க்கு முதலாக அமைந்தன. விதி இறுக்கமாயிருத்தலினால், மழையில் ஒரு குடையை நீட்டுதலும் போதிய நிகழ்ச்சியாகின்றது.

இதனையே நம் முன்னோர் புனல்தரு புணர்ச்சி எனவும் களிறுதரு புணர்ச்சி எனவும் பெயரிட்டு வழங்கினர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவித்தற்பொருட்டுக் கபிலர் பாடியதாகக் கூறப்படும் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளில் இவ்விரண்டையும் காட்டுகின்றது. மதங்கொண்ட யானையினின்றும், பின்னர்ப் பெருகிவந்த ஆற்றினின்றும் தலைவியைத் தலைவன் காக்கின்றான். அதன் பின்னரே அவர்தம் உறவு வளர்கின்றது. அயல்நாட்டான் ஒருவனுக்குத் தமிழரை விளக்கக் காதற்கதையே தக்க கருவியெனக் கபிலர் கருதினார். இன்று சீனத்தைப் பிறநாட்டு இளைஞர்க்கு அறிமுகப்படுத்துவதும் பெரும்பாலும் இத்தகைய கதைகளே.

மலையகத்தார்க்கு இக்காத்திருப்பு மிக அணித்தாக உள்ளதொன்று. நுவரெலியாவிலிருந்து கம்பளை செல்லும் பெருவழியில் இறம்பொடையில், சின்மயா மிசன் அமைத்த ஆஞ்சநேயர் கோயில் தேயிலைச் சரிவுகளின் நடுவே நிற்கின்றது. சீதாஎலியவோ நுவரெலியாவிற்கு அருகே உள்ளது. இவ்விரு தலங்களையும் இணைக்கும் சுந்தரகாண்டத்தில் தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் காண்பதே இல்லை. ஒரு கணையாழி செல்கின்றது. ஒரு சூடாமணி மீள்கின்றது. அவ்வளவே. ஆயினும் அக்காண்டத்தினும் விஞ்சிய காதற்பகுதி இராமகாதையில் வேறுண்டோ என்பது ஐயம். வான்மீகியார் கூறாத ஒன்றையும் கம்பர் படைத்தனர்: வில்லை ஒடிக்குமுன்னரே மிதிலை வீதியில் இருவர் கண்களும் சந்திக்கின்றன. அந்நோக்கு முன்னர் நிகழ்ந்தமையாலன்றோ, வில் முறியும்வரை நாமும் சீதையோடு கலங்குகின்றோம்!

இனித் தாழ்ப்பு அனைத்தும் சுவையாகாது என்பதும் கூறற்பாலது. வார இதழ்த் தொடர்கதைகளை வளர்ந்தோர் நன்கறிவர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வெளிவந்தபொழுது வந்தியத்தேவனும் குந்தவையும் வாரக்கணக்கிற் காத்திருந்தனர். அவ்விடைவெளியைச் சோழ அரசின் சூழ்ச்சிகள் நிரப்பின. நிரப்பப் பொருளின்றி நீட்டுதல் வேறு. சீனத்துப் பார்வையாளர் அத்தகைய நாடகங்களை 'நீர் ஊற்றியவை' எனப் பழிக்கின்றனர். ஒரே கொழுந்தில் மூன்றாமுறையும் நீர் வார்த்தெடுத்த சாயத்தைத் தோட்டத்தார் அறிவராதலின், இவ்வுவமைக்கு இங்கே உரை வேண்டா. 2020 ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒலி, ஒளிபரப்பு ஆணையம், நாடகங்கள் 40 பகுதிகளுக்கு மேற்படலாகாதெனவும், 30 பகுதிகளுக்குள் அமைதல் நன்றெனவும் அறிவுறுத்தியது.

நம் இலக்கணமும் எல்லை வகுத்தது. களவொழுக்கத்தில் வரைவு நீட்டித்தல் இரண்டு திங்களுக்கு உட்பட்டதென இறையனார் அகப்பொருள் வரையறுக்கின்றது. எண்ணிக்கையினும் அதன் காரணமே சிந்திக்கத்தக்கது. தாழ்ப்பினால் வருந்துவோள் தலைவி. ஊரார் அலர் தூற்றுவது அவளையே; வீட்டிற் காவல் மிகுவதும் அவளுக்கே. ஆதலின் தோழி குறுக்கிட்டுத் தலைவனை விரைந்து மணக்குமாறு வற்புறுத்துகின்றாள். வரைவு கடாதல் என்னும் அத்துறையில் எத்துணைப் பாட்டுகள்! காத்திருத்தலின் அழகைப் பாடியவரே அதன் விலையை யார் செலுத்துகின்றார் என்பதையும் மறவாது பாடினர். சீன நாடகங்களை இவ்வளவைகொண்டு அளத்தல் தகும். அரண்மனை நாடகங்கள் பல, மன்னனொருவனுக்காகப் பெண்டிர் பலர் ஏங்குதலைப் பட்டாடையாற் போர்த்துக் காட்டுவன. அவற்றிலுள்ள காத்திருப்பைக் காதல் என்பதினும் சிறை என்பதே பொருந்தும்.

இதற்கு மாறானது 2018 ஆம் ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மிங்லான்' கதை. சொங் அரசர் காலத்து அதிகாரியொருவரின் இளையாள் வயிற்று மகளாகிய மிங்லான், தாயை இழந்து, பாட்டியின் நிழலில், தன் அறிவை மறைத்து வளர்கின்றாள். முதலில் விரும்பியவனை அவன் தாயின் தடையால் இழக்கின்றாள். பின்னர் கு திங்யே என்பவன் சூழ்ச்சி செய்து அவளை மணக்கின்றான். பிறர் கதை முடியும் இடத்தில் இக்கதையின் காதல் தொடங்குகின்றது. பெற்றோர் பேசி முடிக்கும் திருமணம் இன்னும் வழக்கிலுள்ள நம்மவர்க்கு இஃது எளிதில் விளங்கும். கணவனுக்குரிய கடமையில் அவள் ஒரு குறையும் வைப்பதில்லை; மனத்தை மட்டும் திறப்பதில்லை. அவனும் அதனை ஆணையிட்டுப் பெறமுடியாதென உணர்ந்து காத்திருக்கின்றான். இளம்பெண்கள் இக்கதையிற் கண்டு மகிழ்வது யாதென வினவினால், முத்தத்தையும் மாலையையும் அன்று. தன் இசைவு வரும்வரை ஒருவன் பொறுத்திருத்தலையே என்பது பொருந்தும் விடையாகும். பள்ளிப்படிப்பு முடியுமுன்னரே, கேளாமலே முடிவு செய்யப்படும் பெண்ணுக்கு அக்காட்சி கனவாயினும், கேட்கப்படுதல் தனக்கும் உரியதென்ற எண்ணத்தைத் தருவது.

கு திங்யேக்கு ஒரு மனக்குறை உண்டு: மனைவி தன்பால் பொறாமையே கொள்வதில்லை, ஒருபொழுதும் பிணங்குவதில்லை. பிறநாட்டார் சிலர்க்கு இக்குறை நகைப்பாகத் தோன்றலாம். திருவள்ளுவரோ காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களையும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என ஊடலுக்கே ஒதுக்கினார். உரிமை உண்டென்ற துணிவு பிறந்த பின்னரன்றி ஒருத்தி ஊடமாட்டாள். மிங்லான் முதன்முறை கணவனிடம் மனம்விட்டுச் சினக்கும் நாளில், அவன் வருந்தவில்லை.