கெண்டோவும் இளைஞர் கல்வியும்: யப்பானியப் பாடசாலைகளில் ஒரு போர்க்கலை

ஒரு சமுதாயம் தன் இளைய தலைமுறையின் உள்ளத்தை எவ்வாறு உருவாக்க விரும்புகிறது என்பதை அதன் பாடநூல்களிலே காணலாம். அவர்தம் உடலை எவ்வாறு உருவாக்க விரும்புகிறது என்பதை அறிய வேண்டுமாயின் அதன் விளையாட்டு மைதானங்களையும் பயிற்சிக் கூடங்களையுமே நாட வேண்டும். கல்வி வரலாற்றை ஆராய்வோர் முன்னதற்கு அளித்த கவனத்தைப் பின்னதற்கு அளித்தாரல்லர். யப்பானியப் பாடசாலைகளில் இன்றும் பயிலப்படும் கெண்டோ என்னும் வாட்பயிற்சி இவ்வகையில் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஒரே கலை ஒரு நூற்றாண்டுக் காலத்துள் அரசினால் ஒதுக்கப்பட்டும், பின்னர் கட்டாயமாக்கப்பட்டும், தடைசெய்யப்பட்டும், மீண்டும் பாடவிதானத்திற் சேர்க்கப்பட்டும் வந்துள்ளது. இம்மாற்றங்களினூடாக வெளிப்படும் ஒரு வினாவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கெண்டோ இளைஞரின் ‘ஆளுமையை உருவாக்குகிறது’ என்று கூறப்படுகிறது. அவ்வாளுமை யாருக்காக உருவாக்கப்படுகிறது?

கெண்டோ என்ற சொல்லுக்கு ‘வாளின் வழி’ என்பது பொருள். பயிற்சியில் உண்மையான வாள் பயன்படுவதில்லை. நான்கு மூங்கிற் பட்டைகளை ஒன்றுசேர்த்துத் தோலுறையாற் பிணித்த ‘ஷினை’ என்னும் மூங்கில் வாளே கருவியாகும். பயில்வோரின் வயதுக்கேற்ப இதன் அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. கனிட்ட இடைநிலைப் பாடசாலை மாணவரின் ஷினை 114 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. அதன் நிறை ஆண்களுக்கு 440 கிராமுக்கும் பெண்களுக்கு 400 கிராமுக்கும் குறையலாகாது. வளர்ந்தோருக்கு நீளத்தின் மேலெல்லை 120 சென்ரிமீற்றராகும். தலை, மணிக்கட்டு, மார்பின் கீழ்ப்பகுதி, இடை ஆகியவற்றைக் கவசங்கள் காக்கின்றன. தலை, மணிக்கட்டு, விலாப்பக்கம் ஆகிய இடங்களில் வெட்டலாம். தொண்டைப் பகுதியிற் குத்தலாம். கனிட்ட இடைநிலை மாணவருக்கும் அவரினும் இளையோருக்கும் தொண்டைக்குத்து விலக்கப்பட்டுள்ளது.

கண்மூடித்தனமாக அடித்துவிட்டால் மட்டும் புள்ளி கிடைப்பதில்லை. உள்ளத்தின் வேகமும் வாளின் வீச்சும் உடலின் அசைவும் ஒரே கணத்தில் ஒன்றுபட வேண்டும். குரலெழுப்பி, பாதத்தைத் தரையில் ஊன்றி, குறித்த இடத்தை வாளின் உரிய பகுதியால் வெட்ட வேண்டும். வெட்டிய பின்னரும் எதிரியின்மீது விழிப்புக் குலையாதிருத்தல் வேண்டும். இவ்விழிப்பினை ‘சன்ஷின்’ என்பர். சிவப்பும் வெள்ளையுமான கொடிகளை ஏந்திய நடுவர் மூவருள் இருவரேனும் உடன்பட்டாலே புள்ளி வழங்கப்படும். வென்றவர் கைகளை உயர்த்தி ஆரவாரித்தால் வழங்கப்பட்ட புள்ளியே நீக்கப்படலாம். தோற்றவரின் முன்னிலையிற் களிப்படைதல் முறையன்று என்னும் எண்ணம் இங்கே விதியாகவே அமைந்துள்ளது.

பயிற்சி முறையில் மற்றுமோர் அம்சமும் குறிப்பிடத்தக்கது. இளையவர் வெட்டப் பழகும்போது எதிரே நிற்பவர் பெரும்பாலும் மூத்த மாணவராகவோ ஆசிரியராகவோ இருப்பார். இவரை ‘மொத்தோடாச்சி’ என்பர். இவர் தமது வாளின் நுனியைச் சற்றே விலக்கித் தம்மை வெட்டுவதற்கு இடங்கொடுக்கின்றார். சரியான கணத்தில், சரியான தூரத்தில் அவ்விடத்தை அளிப்பதே அவர் கடமை. ஆற்றல் மிக்கவர் ஆற்றல் குறைந்தவரின் வெட்டைத் தாமே வாங்கிக்கொண்டு அவரை வளர்த்தல் என்பது இம்முறையின் உட்கருத்தாகும். இதனை நினைவிலிருத்திக்கொண்டு வரலாற்றை நோக்குவோம்.

நிலமானிய யப்பானில் வாளேந்தும் உரிமை சாமுராய் வகுப்பின் அடையாளமாக விளங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் தொக்குகாவா ஆட்சி நிலைபெற்று உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்ததும், அவ்வகுப்பினர் போர் செய்யாத போர்வீரராயினர். களத்திற் பயன்பட்ட வாள், கூடத்திற் பயிலப்படும் கலையாக மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகனுமா குனிசாத்தோவும், அதன் நடுப்பகுதியில் நாகனிஷி சூசோவும் கவசத்தையும் மூங்கில் வாளையும் சீர்திருத்திப் பரவலாக்கினர். உயிருக்கு ஊறின்றி முழு வேகத்துடன் மோதிப் பழகும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடோ நகரின் வாட்கூடங்களிற் சாமுராய் அல்லாதோரும் பயின்றனர்.

1868இல் ஏற்பட்ட மெய்ஜி ஆட்சிமாற்றம் இக்கலையின் சமூக அடித்தளத்தைத் தகர்த்தது. 1876இல் பொதுவிடங்களில் வாள் தரித்தல் தடைசெய்யப்பட்டது. ஆதரவிழந்த வாள்வீரர்கள் வாழ்வுக்கு வழியற்றனர். 1873இல் சக்காக்கிபாரா கென்கிச்சி என்பார் கட்டணம் பெற்று நடத்திய வாட்போர்க் காட்சிகள் அவர்களது அவல நிலையைக் காட்டுவன. 1877ஆம் ஆண்டின் சத்சுமா கிளர்ச்சியை அடக்குவதில் வாளேந்திய பொலிஸ் படையினர் பங்குகொண்டதன் பின்னரே இக்கலைக்குப் பொலிஸ் துறையிற் புகலிடம் கிடைத்தது.

ஆனால் பாடசாலையின் வாயில் அப்போதும் திறக்கவில்லை. வாட்பயிற்சியைப் பாடமாக்கலாமா என்று ஆராயக் கல்வியமைச்சு பணித்தது. 1884இல் வெளியான முடிவு பாதகமாகவே அமைந்தது. உடலுறுப்புகள் சமச்சீராக வளரமாட்டா, விபத்துக்கு இடமுண்டு, இளைஞரின் மனப்போக்கு முரட்டுத்தனமாகும், ஒருவர்க்கொருவராகக் கற்பிக்க வேண்டியிருப்பதால் வகுப்பு முழுவதற்கும் ஒருங்கே பயிற்ற இயலாது என்பன போன்ற காரணங்கள் காட்டப்பட்டன. நவீன கல்வியியல் நோக்கில் இவை புறக்கணிக்கத்தக்க காரணங்களல்ல.

அவ்வாறாயின் 1911இல் அதே கலை இடைநிலைப் பாடசாலைகளின் உடற்கல்வியில் இடம்பெற்றது எவ்வாறு? கலை அடிப்படையில் மாறிவிடவில்லை. அரசின் தேவையே மாறியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் யப்பான் சீனாவுடனும் (1894–95) ரஷ்யாவுடனும் (1904–05) போரிட்டு வென்று ஏகாதிபத்திய வல்லரசாகியது. 1895இல் கியோத்தோவில் நிறுவப்பட்ட ‘டாய் நிப்பொன் புத்தொக்குகாய்’ என்னும் போர்க்கலைச் சங்கம் நாடெங்கும் கிளை பரப்பியது. ஒருவர்க்கொருவராகக் கற்பிக்கப்பட்டு வந்த கலை, கட்டளைக்கேற்ப வரிசையில் நின்று வாள் வீசும் வகுப்புப் பயிற்சியாக மாற்றியமைக்கப்பட்டது. நிலமானிய வகுப்பொன்றின் தனியுரிமை, தேசத்தின் பொதுப் பண்பாக மறுவிளக்கம் பெற்றது. சாமுராய் வகுப்பு மறைந்த பின்னர் குடியானவரின் பிள்ளையும் வணிகரின் பிள்ளையும் சாமுராயின் விசுவாசத்தைக் கற்க வேண்டியவராயினர். மரபு எனப்படுவது எப்போதும் பழைமையின் எச்சமன்று. நிகழ்காலத் தேவைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட பழைமையாகவும் அமையலாம் என்பதற்கு இது தக்க சான்று.

1931இல் இடைநிலைப் பாடசாலைகளிலும் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளிலும் யூடோவும் கெண்டோவும் கட்டாய பாடங்களாயின. மஞ்சூரியப் படையெடுப்பு நிகழ்ந்ததும் அவ்வாண்டிலேயே. 1941இல் ஆரம்பக் கல்வி ‘தேசியப் பாடசாலை’ என்ற பெயரில் மறுசீரமைக்கப்பட்டபோது மேல்வகுப்புச் சிறுவரும் போர்க்கலை பயில நேர்ந்தது. கொரியாவிலும் தைவானிலும் குடியேற்ற ஆட்சியின் கல்வியோடு இக்கலையும் சென்றது. போர் முற்றியபோது பயிற்சியின் இயல்பே மாறியது. நுணுக்கத்தினும் ஒரே வெட்டில் உயிரை ஈந்து உயிரை வாங்கும் துணிவு போற்றப்பட்டது. முன்னர்க் கூறிய மொத்தோடாச்சியின் உறவு இங்கே தலைகீழாகிறது. இளையவரின் வெட்டை மூத்தவர் ஏற்பதற்கு மாறாக, மூத்தவரின் போருக்கு இளையவர் தம் உடலை ஈந்தனர்.

1945 நவம்பரிற் பாடசாலைகளில் போர்க்கலைப் பயிற்சி தடைசெய்யப்பட்டது. 1946இல் புத்தொக்குகாய் கலைக்கப்பட்டது. தடைக்காலத்தில் இக்கலையை விரும்பியோர் மேற்கொண்ட முயற்சி சுவையானது. 1950இல் ‘ஷினை கியோகி’ என்னும் புதிய விளையாட்டுக்கு ஒரு சம்மேளனம் தோன்றியது. உறையிட்ட மென்மையான மூங்கில் வாள், சட்டையும் காற்சட்டையும், மெல்லிய கவசம், நேர எல்லை, புள்ளிக் கணக்கு ஆகியன இதன் அம்சங்கள். போர்க்குரலும் தரையை மிதித்தெழுப்பும் ஒலியும் இதில் விலக்கப்பட்டன. இராணுவ வாசனையைக் களைந்துவிட்டால் எஞ்சுவது யாது என்று அறிவதற்கான பரிசோதனையாக இதனைக் கொள்ளலாம். 1952இல் அகில யப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்தது. 1953இல் கெண்டோ பாடசாலைக்குள் மீண்டும் இடம்பெறலாயிற்று. 1957இல் இருமுறைகளும் இணைந்து ‘பாடசாலைக் கெண்டோ’ ஆயின. 1975இல் சம்மேளனம் வகுத்த கோட்பாடு, வாளின் நெறிகளைப் பயில்வதன்மூலம் மனிதனை உருவாக்குவதே கெண்டோ என்றது.

இக்கோட்பாட்டை உரைத்துப் பார்த்த வழக்கொன்று 1990களில் எழுந்தது. 1990இல் கோபே நகராட்சித் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்த மாணவர் ஒருவர், போர்க்கலை பயில்வது தமது சமய நம்பிக்கைக்கு முரணானது எனக் கூறிக் கெண்டோச் செயற்பயிற்சியில் பங்குகொள்ள மறுத்தார். அவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். வகுப்புக்கு வராது விடவில்லை. உடலைத் தளர்த்தும் ஆரம்பப் பயிற்சிகளைச் செய்தார். பயிற்சியை அவதானித்துக் குறிப்பெழுதினார். அதற்கீடாக அறிக்கை சமர்ப்பிக்கவும் முன்வந்தார். கல்லூரி அதனை ஏற்கவில்லை. உடற்கல்வியிற் சித்தியடையாதவராக இருமுறை வகுப்பேற்றம் மறுக்கப்பட்டு, 1992இல் அவர் விலக்கப்பட்டார். ஏனைய பாடங்களில் அவர் திறமையான மாணவராயிருந்தார். 1996 மார்ச் 8ஆந் திகதி நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கெண்டோவின் கல்வி நோக்கங்களை வேறு உடற்பயிற்சிகளாலும் எய்தலாம். மாற்றுவழி ஏதும் ஆராயாது மாணவரை விலக்கியது கல்லூரியின் தற்றுணிபு எல்லையை மீறிய சட்டவிரோதச் செயலாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கை வெறும் சமயப் பிணக்காகக் கொள்ளுதல் பொருந்தாது. வாளேந்த மறுத்த இளைஞர் தமது படிப்பையே இழக்கத் துணிந்தார். நெருக்கடியிலும் நிலைகுலையாமை என்பது கெண்டோ போற்றும் பண்பாயின் அதனை அங்கே காட்டியவர் யார்? மறுக்கும் உரிமையற்றவனிடம் காணப்படும் பணிவை ஆளுமை என்று அழைத்தல் இயலாது, அது பழக்கப்படுத்தலேயாகும்.

2006இல் திருத்தப்பட்ட கல்வி அடிப்படைச் சட்டம் மரபையும் நாட்டுப்பற்றையும் வலியுறுத்தியது. அதனையொட்டி 2012 முதல் கனிட்ட இடைநிலைப் பாடசாலைகளின் முதலிரு வகுப்புகளிலும் ஆண், பெண் இருபாலாருக்கும் போர்க்கலை கட்டாயமாயிற்று. யூடோ, கெண்டோ, சூமோ முதலியவற்றுள் ஒன்றைப் பாடசாலை தெரிந்துகொள்ளும். கவசத்தின் விலை காரணமாகப் பல பாடசாலைகள் யூடோவையே தெரிந்தன. 1931ஐயும் 2012ஐயும் ஒன்றெனக் கூறுவது மிகைப்படக் கூறலாகும். ஆண்டுக்குச் சில மணி நேரமே இப்பாடத்துக்கு ஒதுக்கப்படுகிறது. அதனால் எவரும் போர்வீரராகிவிடப் போவதில்லை.

மெய்யான பயிற்சி நிகழுமிடம் பாடசாலை முடிந்தபின் கூடும் மாணவர் கழகமேயாகும். கழகத்திற் சேர்வது விருப்பத்துக்குரியதாயினும் சேர்ந்தபின் விலகுவது எளிதன்று. ஆசிரியரின் சொல்லும் மூத்த மாணவரின் சொல்லும் அங்கே கேள்விக்கு அப்பாற்பட்டவையாகிவிடலாம். 2009 ஆகஸ்ட் மாதம் ஓயிட்டா மாகாணத்தில் உயர்நிலைப் பாடசாலைக் கெண்டோக் கழக மாணவர் ஒருவர் கோடைப் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தினால் இறந்தார். நிலைதடுமாறிய அவர் நடிக்கின்றார் என்று பொறுப்பாசிரியர் கருதி அடித்தமை வழக்கில் வெளிப்பட்டது. 1947ஆம் ஆண்டின் பாடசாலைக் கல்விச் சட்டம் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்திருந்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது. பெற்றோர் பல்லாண்டுகள் வழக்காடினர். மாகாண அரசு வழங்கிய இழப்பீட்டில் பத்து இலட்சம் யென்னை அந்த ஆசிரியரிடமிருந்தே அறவிட வேண்டும் என்ற தீர்ப்பை 2017இல் ஃபுக்குவோக்கா மேல் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2018இல் விளையாட்டு முகவரகம் வெளியிட்ட வழிகாட்டி, கழகங்களுக்கு வாரத்தில் இரு நாட்களேனும் ஓய்வு வேண்டும் என்றும், வார நாட்களிற் பயிற்சி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் அமைய வேண்டும் என்றும் கூறியது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கெண்டோவை இராணுவவாதத்தின் எச்சம் என்று ஒதுக்குவதும், காலங்கடந்த ஆன்மிக மரபு என்று போற்றுவதும் ஒருங்கே தவறென்பது புலனாகும். பதினைந்து வயது மாணவியும் எழுபது வயது முதியவரும் ஒரே தரையில் வணங்கி எதிர்நின்று பயிலத்தக்க கலைகள் உலகிற் பல இல்லை. வெற்றியில் அடக்கத்தை விதியாக்கிய விளையாட்டுகளும் அரியன. ஆயினும் எந்தக் கலையும் தன்னளவில் மனிதனை மேம்படுத்துவதில்லை. அதனைக் கற்பிக்கும் நிறுவனம் எத்தகையது, அதில் அதிகாரம் யாரிடம் உள்ளது, கற்பவர் ‘இயலாது’ என்று சொன்னால் என்ன நேரும் என்பனவே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன.

இதற்கான அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. கெண்டோவின் பயிற்சிக் கூடத்திலேயே அது உண்டு. இடங்கொடுத்து நிற்கும் மொத்தோடாச்சி எதிரேயுள்ள இளையவரின் மூச்சையும் களைப்பையும் கவனித்தே தம் வாளை விலக்குகின்றார். அக்கவனம் உள்ளவிடத்தில் அது கல்வி. மயங்கிச் சரியும் மாணவனை நடிக்கின்றான் என்று சொல்லுமிடத்தில், எத்தனை வணக்கங்கள் செலுத்தப்பட்டாலும், அது கல்வியாகாது.