வலைக்கண்ணில் நழுவும் சுழல்கள்

திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடைப்பட்ட பிரம்மதேசம் போன்ற ஊர்களில், கோடைப் பகலின் உஷ்ணம் பிற்பகலில் கடற்காற்று புகுந்தவுடன் தணியும் என்பது அங்குள்ள உழவர் யாவரும் அறிந்த செய்தி. ஆனால் அக்காற்று எந்த நேரத்தில் கரை ஏறும், மேல்காற்றின் எதிர்ப்பை மீறி எவ்வளவு தூரம் உட்செல்லும், தான் சுமந்து வரும் ஈரத்தையும் புகையையும் எந்த உயரத்தில் கலக்கும் என்ற வினாக்களுக்கு விடை காண்பதோ, பௌதிக சாஸ்திரத்தின் மிகக் கடினமான அத்தியாயங்களுள் ஒன்றாகிய கொந்தளிப்பைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கும் காரியமாகும்.

சுழலுக்குள் சுழல்

வாயுமண்டலத்தில் பூமியை ஒட்டியுள்ள பகுதியை விஞ்ஞானிகள் எல்லைப் படலம் என்பர். வெயில் ஏறிய பகலில் அது ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை வளர்கிறது. சூடேறிய நிலத்திலிருந்து கிளம்பும் காற்றும், மரத்திலும் மாளிகையிலும் மோதித் தடைப்படும் காற்றும் அங்கே பெருஞ்சுழல்களைப் பிறப்பிக்க, அவை உடைந்து சிறு சுழல்களாகி, அவையும் உடைந்துடைந்து, முடிவில் மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி, உராய்வினால் வெப்பமாகி மறைந்து போகின்றன. இச்சித்திரத்தை இங்கிலாந்தின் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1922-இல் வெளியிட்ட நூலில் வரைந்து காட்டினார். ரஷ்யக் கணித மேதை கோல்மகோரோவ் 1941-இல் அதற்குக் கணித வடிவம் தந்தார்.

காற்றின் சலனத்தை ஆளும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டவை. ஆகையால் இங்கே இடையூறாக நிற்பது விதியை அறியாமை அன்று, எண்ணிக்கையின் பெருக்கமே. பத்து கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் இரண்டு கிலோமீட்டர் உயரமும் கொண்ட ஒரு பிரதேசத்தை மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால், இரண்டுக்குப் பின் இருபது சுழியங்கள் இட்டெழுத வேண்டிய அத்தனை கட்டங்கள் கிடைக்கும். அவற்றையெல்லாம் நொடிக்கு நொடி கணக்கிட வல்ல இயந்திரம் உலகில் எங்குமில்லை. கட்டத்தின் பக்கத்தைப் பத்து மீட்டராகப் பெருக்கினாலோ, 20 கோடி கட்டங்களில் வேலை முடிந்துவிடும்.

எஞ்சியதற்கு ஒரு சூத்திரம்

இவ்வாறு பெரிய சுழல்களை நேரே கணக்கிட்டுச் சிறியவற்றை அனுமானத்தால் நிரப்பும் யுக்தியே பெருஞ்சுழல் கணிப்பு. அதற்கு அடிப்படையான சூத்திரத்தை அமெரிக்க வானிலை அறிஞர் ஜோசப் ஸ்மகோரின்ஸ்கி 1963-இல் அளித்தார். ஜேம்ஸ் டியர்டார்ஃப் 1970-இல் வெறும் 6,720 கட்டங்களைக் கொண்டு இரு சுவர்களுக்கிடையே ஓடும் பிரவாகத்தைக் கணித்துக் காட்டி, இரண்டே ஆண்டுகளில் அம்முறையை வாயுமண்டலத்தின் அடிப்படலத்துக்கும் விரித்தார்.

மரக்காணத்து மீனவரின் வலையில் கண்ணின் அளவுக்கு மேற்பட்ட மீன் அகப்பட்டுச் சிறியது நழுவுவதைப் போல, கட்டத்தினும் சிறிய சுழல் இக்கணக்கில் நழுவிவிடுகிறது. எனினும் நழுவியதை மறந்துவிட இயலாது. ஏனெனில், பெருஞ்சுழலின் சக்தியை உறிஞ்சி அழிப்பவை அச்சிறு சுழல்களே. மென்பொருள் அவ்வுறிஞ்சலைக் குறைத்து மதித்தால், போக்கிடமற்ற சக்தி சிறு கட்டங்களில் குவிந்து கணக்கே சிதறும். மிகுத்து மதித்தால், உயிர்ப்புள்ள காற்று கஞ்சியாகக் குழைந்து நிற்கும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கித் தப்பலாமென்றால், கட்டங்கள் எட்டு மடங்காகிக் கால இடைவெளியும் பாதியாக வேண்டுமாதலால், உழைப்பு பதினாறு மடங்காகும். அன்றியும், தரையை நெருங்க நெருங்கச் சுழல்கள் யாவும் சிறுத்துப்போவதால், மனிதர் வாழும் உயரத்திலேயே அனுமானத்தின் பாரம் மிகுதியாகிறது.

கல்பாக்கத்தின் சோதனை

நம் நாட்டில், பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகத்தில், ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்த காலத்தே, 1986-இல் ஃபுளோசால்வர் என்னும் இணைநிலைக் கணினி பிரவாகக் கணக்குகளுக்கென்றே உருவாயிற்று. அவர் முன்னின்று ஊக்கிய மாண்ட்பிளெக்ஸ் ஆய்வு, 1990-ஆம் ஆண்டின் பருவமழைக் காலத்தில், ஜோத்பூர் முதல் கரக்பூர் வரை கோபுரங்களை நிறுவித் தரையோரக் கொந்தளிப்பை நேரில் அளந்தது.

மரக்காணத்துக்கு வடக்கே, அதே கடற்கரையில் அமைந்த கல்பாக்கத்தில், கடற்காற்றின் கலப்பைப் பற்றிய வினா இன்னும் கூர்மை பெறுகிறது. கடல்மேல் குளிர்ந்து ஸ்திரமாக வரும் காற்று சூடான நிலத்தைத் தொட்டதும், கரையிலிருந்து உள்நோக்கிச் செல்லச் செல்ல உயரும் ஒரு கொந்தளிப்புப் படலம் அதன் அடியில் தோன்றுகிறது. உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளிப்படுவது எதுவாயினும், மேலேயுள்ள அமைதியான காற்றில் கலையாமல் சென்று, அப்படலம் எட்டிப்பிடிக்கும் இடத்தில் திடீரெனத் தரைக்கு இழுக்கப்படும். அணு உலை அமைந்த ஊரில் இவ்விடம் எதுவென முன்கூட்டி அறிவது பாதுகாப்பின் இன்றியமையாத அங்கம். ஆகவே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர், அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் வழங்கும் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மென்பொருளை இக்கரைக்கு ஏற்ப அமைத்து, அதில் கொந்தளிப்புக்கான சூத்திரங்களை மாற்றி மாற்றி இட்டு, கோபுரமும் பலூனும் தந்த அளவீடுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர். வேறு நாட்டில் நன்கு பயன்பட்ட சூத்திரம் நம் உஷ்ணப் பிரதேசத்தில் அப்படியே பலிக்கும் என்பதற்கு, அளந்து பார்ப்பதன்றி வேறு பிரமாணமில்லை.

2025 மே மாதத்தில் தொடங்கிய பாரத முன்னறிவிப்பு முறைமை, பன்னிரண்டு கிலோமீட்டராக இருந்த கட்டத்தை ஆறாகக் குறைத்தது. நாடு முழுவதற்குமான மழைக்கணிப்பில் இது பெரிய முன்னேற்றம்; ஆயினும் சில கிலோமீட்டருக்குள் கரையோரம் வளர்ந்துவிடும் படலம் அக்கட்டத்திலும் அனுமானமாகவே நிற்கும். ஆதலின் ஒரு கணிப்புப் படத்தைப் பார்ப்பவர் அதன் வர்ணங்களை நம்புமுன், கட்டம் எவ்வளவு, எஞ்சியதற்கு இட்ட சூத்திரம் எந்த மண்ணில் அளந்து சரிபார்க்கப்பட்டது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். கணினிக்குச் செலவிடும் அரசு, ஊர்தோறும் காற்றை அளக்கும் கருவிகளுக்குச் செலவிடாவிட்டால், முதல் செலவின் பலன் பாதியே.